முதல் மூச்சுக்கு முன்னேற்பாடு

(தம்பதியர் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்)



ஒரு வீட்டில் பிரசவம் என்றால், வெளியே காத்திருக்கும் அத்தனை பேருடைய காதும் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கும். "அழுதுருச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. "ஆணா, பொண்ணா?" என்பதுகூட அதற்குப் பிறகுதான். நம் பெரியவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை இது. அழுகிற குழந்தை மூச்சு விடுகிற குழந்தை.

பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தைகள் இறப்பதற்குப் பெரிய காரணங்கள் மூன்று. ஒன்று, குறைமாதத்தில் பிறப்பது. இரண்டு, கிருமித் தொற்று. மூன்று, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத் திணறல். இந்த மூன்றாவதில் பிழைத்துக்கொள்ளும் குழந்தைகளில் சிலருக்கு வலிப்பு, கை கால் விறைப்பு, காது கேளாமை, வளர்ச்சிக் குறைவு போன்றவை வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகின்றன. ஏனெனில் மூச்சு நின்றால் முதலில் கெடுவது மூளை.

இது தலைவிதி அல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதைத் தடுக்கலாம். மூச்சு எந்த இடத்தில் தடைபடும், அது யாருக்கு வரக்கூடும், அதற்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும் என்பதையே இத்தாளில் சொல்கிறோம். குழந்தை மூச்சு விடாமல் பிறந்தால் உதவி செய்யக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஏற்பாடு செய்து வைக்க நமக்கு ஒன்பது மாதம் இருக்கிறது.

வயிற்றுக்குள் குழந்தை எப்படி மூச்சு விடுகிறது?

வயிற்றில் இருக்கும் குழந்தை நம்மைப் போல மூக்கால் காற்றை இழுப்பதில்லை. அதன் நுரையீரல் முழுவதும் நீர் நிரம்பியிருக்கும். தாய் இழுக்கும் மூச்சில் உள்ள பிராண வாயு தாயின் இரத்தத்தில் கலந்து, கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடிக்கு வருகிறது. அங்கிருந்து தொப்புள் கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஆகவே தாய் விடும் மூச்சே குழந்தையின் மூச்சு.

பிரசவ வலி எடுக்கும்போது கருப்பை இறுகுகிறது. இறுகும் அந்த நேரத்தில் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வலி விட்டதும் மறுபடி பாய்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் ரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நிற்கிறது, காலை எடுத்தால் மறுபடி ஓடுகிறது அல்லவா? அதைப் போலத்தான். வலிக்கும் வலிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது. நல்ல பலத்தோடு உள்ள குழந்தை இதைத் தாங்கும். ஏற்கெனவே வரத்து குறைந்து இளைத்த குழந்தை தாங்காது.

பிறந்தவுடன் குழந்தை அழும்போது நுரையீரலில் உள்ள நீர் ஒதுங்கி, காற்று உள்ளே புகுகிறது. இந்த மாற்றம் சில நொடிகளில் நடந்தாக வேண்டும்.

மாதம் நிறைந்து பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 85 குழந்தைகள் அரை நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு விடத் தொடங்கிவிடும். சுமார் 10 குழந்தைகளுக்குத் துணியால் நன்றாகத் துடைத்து, முதுகை மெல்லத் தடவிவிட்டால் போதும். மீதமுள்ள சுமார் 5 குழந்தைகளுக்கு, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வைத்துப் பையை அமுக்கிக் காற்று கொடுக்க வேண்டியிருக்கும். இதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும், கருவி வேண்டும். அந்தக் குழந்தை நம் குழந்தையாக இருக்குமா என்பதை முழு நிச்சயமாக யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு அதிகம் வரக்கூடும் என்று சொல்ல முடியும்.

மூச்சு தடைபடும் ஐந்து இடங்கள்

1. தாயின் இரத்தம்

பிராண வாயுவைச் சுமப்பது இரத்தத்திலுள்ள சிவப்புச் சத்து. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் கடுமையான சோகை. அப்படிப்பட்ட தாயின் குழந்தைக்கு மூச்சுக் காற்றும் குறைவு, வளர்ச்சியும் குறைவு.

கர்ப்பம் நான்காம் மாதம் தொடங்கி இரும்புச் சத்து மாத்திரையைத் தினம் தவறாமல் குறைந்தது 180 நாட்கள் சாப்பிட வேண்டும். டீ, காப்பியோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடலில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நன்கு ஒட்டும். "மாத்திரை போட்டா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்" என்பது வெறும் பேச்சு. நிறம் பெற்றோர் வழி வருவது. மாத்திரை தின்றால் கறுப்பாவது மலம் மட்டுமே, அதனால் கெடுதல் இல்லை. "நிறையச் சாப்பிட்டா பிள்ளை பெருத்துப் போகும், பிரசவம் கஷ்டம்" என்று வயிற்றைக் கட்டுவதும் தவறு. எடை குறைந்த குழந்தைக்குத்தான் வலி நேரத்தைத் தாங்கும் சக்தி குறைவு.

2. நஞ்சுக்கொடி

இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, குழந்தைக்கு வரத்து குறையக்கூடும். முகம், கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி ஆகியவை அதன் எச்சரிக்கைகள். சிலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாமலே அழுத்தம் ஏறியிருக்கும். ஆகவே "நல்லாத்தானே இருக்கேன்" என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டாலும், கருப்பை வாயை மூடிக்கொண்டு கீழே இருந்தாலும், இரத்தப் போக்கு ஏற்படும். கர்ப்ப காலத்தில் எந்த மாதத்திலும் இரத்தப் போக்கு, சிறிதானாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி.

நாள் தள்ளிப் போவதும் இங்கேதான் சேரும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரம், பேறுகாலக் கணக்கு. அதைத் தாண்டிப் போகப் போக நஞ்சுக்கொடி தளர்ந்துவிடும். "வர்றப்ப தானா வரட்டும்" என்று 41 வாரத்துக்கு மேல் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

கணவன் விடும் பீடி, சிகரெட் புகையைத் தாயும் சுவாசிக்கிறாள், அதனால் குழந்தையின் வளர்ச்சியும் கெடுகிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் புகை வேண்டாம்.

3. தொப்புள் கொடி

பெரும்பாலான குழந்தைகள் தலை கீழாகத் திரும்பியே பிறக்கின்றன. சில குழந்தைகள் காலோ புட்டமோ முன்னால் வர அமைந்திருக்கும். சில குழந்தைகள் குறுக்கே கிடக்கும். இவர்களுக்கும், இரட்டைக் குழந்தைகளுக்கும், பனிக்குடம் உடையும்போது கொடி முதலில் நழுவி வந்து நசுங்கிப் போகும் ஆபத்து அதிகம். காற்றுக்குழாயை நெரிப்பது போன்ற அவசரம் அது. கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ள முயல வேண்டாம். தாயை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்கு அடியில் தலையணைகள் வைத்து இடுப்பை உயர்த்தி, அப்படியே 108 வண்டியில் ஏற்றுங்கள்.

4. பிரசவ வழியும் வலியும்

தாய் மிகக் குள்ளமாக இருந்தாலும், இடுப்பெலும்பு குறுகலாக இருந்தாலும், குழந்தை மிகப் பெரியதாக இருந்தாலும் பிரசவம் நீளும். சர்க்கரை நோய் உள்ள தாய்க்குக் குழந்தை பெரிதாகி, தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளக்கூடும். குளுக்கோஸ் கலந்த நீர் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை இதற்காகத்தான்.

சரியான வலி கண்டு 12 மணி நேரமாகியும் குழந்தை பிறக்காவிட்டால் குழந்தை களைத்துப்போகும். அதன் முன்னே நல்ல மருத்துவமனையில் இருந்தாக வேண்டும்.

வலியை அதிகப்படுத்த வெளியே யாரிடமாவது போட்டுக்கொள்ளும் "வலி ஊசி" மிக ஆபத்தானது. வலி இடைவெளி இல்லாமல் வந்தால் குழந்தைக்கு மூச்சு வாங்க நேரமே இல்லை. மிதித்த காலை எடுக்காமலே வைத்திருப்பதற்கு ஒப்பாகும். இந்த மருந்தை மருத்துவமனையில், சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தபடி மட்டுமே கொடுக்க வேண்டும். வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவதும் கூடாது.

தாய் மல்லாந்து படுத்திருந்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். ஒருக்களித்துப் படுப்பதும், நடமாடுவதும், உட்கார்ந்திருப்பதும் நல்லது.

5. குழந்தையின் நுரையீரல்

37 வாரம் நிறையாத குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திருக்காது. காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதிய அளவு ஊறியிருக்காது. அதனால் குழந்தை ஒவ்வொரு மூச்சையும் போராடி இழுக்கும். குறைமாதத்தில் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போனால், நுரையீரலை முதிர வைக்கும் ஊசியைத் தாய்க்குப் போடுவார்கள். அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். "சூட்டு வலியா இருக்கும், கசாயம் குடிச்சுப் பாப்போம்" என்று கழிக்கும் ஒரு பகல், குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மருந்தைக் கெடுத்துவிடும்.

மாதம் நிறைந்த குழந்தை மூச்சுக்குத் தவித்தால், வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடக்கூடும். அப்போது பனிநீர் பச்சையாக வரும். அது குழந்தையின் நுரையீரலுக்குள் போனால் மூச்சு அடைக்கும். ஆகவே பனிக்குடம் உடைந்தவுடன் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். நிறமற்றிருந்தாலும் புறப்பட வேண்டியதே. பச்சையாகவோ, மஞ்சளாகவோ, நாற்றத்தோடோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் கடந்துவிட்டாலும், தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலும், கிருமி உள்ளே ஏறிக் குழந்தைக்கு நுரையீரல் காய்ச்சல் வரக்கூடும்.

யார் அதிகக் கவனம் எடுக்க வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்றிருந்தாலும், சிசேரியன் வசதியும், இரத்த வங்கியும், பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள அரசு மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும். சீமாங் மையம் என்று நர்ஸம்மா சொல்வது இதைத்தான்.

* 18 வயதுக்குக் குறைந்த தாய், 35 வயதைத் தாண்டிய தாய்
* கடுமையான இரத்த சோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய், வலிப்பு நோய்
* இரட்டைக் குழந்தைகள், தலை திரும்பாத குழந்தை, வளர்ச்சி குறைந்த குழந்தை
* கர்ப்ப காலத்தில் இரத்தப் போக்கு
* முன்பு சிசேரியன் ஆனவர்
* முன்பு குழந்தை இறந்து பிறந்தவர், பிறந்து சில நாளில் இழந்தவர், அழாத குழந்தை பெற்றவர்

கடைசியாகச் சொன்னதைச் சில குடும்பங்கள் நர்ஸிடம் மறைக்கின்றன. துக்கத்தைக் கிளற வேண்டாம் என்றோ, நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்றோ நினைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். போன குழந்தையைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, வரப்போகும் குழந்தையைக் காப்பாற்றும். குழந்தையை இழந்ததற்குத் தாயைக் குறை சொல்வதும் கூடாது. அவள் செய்த பாவமும் அல்ல, அவள் ராசியும் அல்ல.

குழந்தையின் துடிப்பை எண்ணுங்கள்

ஏழு மாதம் நிறைந்த பிறகு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஒரு மணி நேரம் குழந்தையின் அசைவை எண்ணுங்கள். ஒவ்வொரு வேளையும் குறைந்தது 3 முறை அசைய வேண்டும். குறைந்தாலோ, வழக்கமான துடிப்பு மாறினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு குறையும் குழந்தை முதலில் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்ணுவதைக் கணவன் நினைவூட்டலாம், கூட உட்கார்ந்து குறித்தும் வைக்கலாம்.

நாள், நட்சத்திரம், சிசேரியன்

இக்காலத்தில் நம் மாநிலத்தில் பலருக்கு சிசேரியன் நடக்கிறது. முன்பே நாள் குறித்துச் செய்யும்போது, சில குடும்பங்கள் ஜோசியரிடம் நேரம் வாங்கி வருகின்றன. "அடுத்த வாரம் நல்ல நட்சத்திரம் இல்ல, இந்த வாரமே எடுத்துருங்க" என்று மருத்துவரை வற்புறுத்துகிறார்கள்.

இதில் உள்ள ஆபத்தை அறிந்துகொள்ளுங்கள். வலி வராமலே, 39 வாரம் நிறையுமுன் சிசேரியன் செய்து எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகமாக வருகிறது. பிரசவ வலியின்போது குழந்தையின் உடம்பில் ஏற்படும் மாற்றங்கள்தான் நுரையீரல் நீரை வற்றச் செய்கின்றன. அது நடக்காமல், முதிர்ச்சியும் போதாமல் எடுத்தால், நுரையீரலில் நீர் தங்கிவிடும். நல்ல நட்சத்திரத்தில் பிறந்த குழந்தை பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதில் என்ன நன்மை?

மருத்துவக் காரணம் இருந்தால் முன்னதாக எடுப்பது வேறு விஷயம். அதை மருத்துவர் சொல்வார். காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்று மருத்துவர் சொன்ன பிறகு, "ராகு காலம் போகட்டும்", "பெரியப்பா வந்து சொல்லட்டும்" என்று கையெழுத்துப் போடாமல் நிற்பது. தாயின் சம்மதமே முதன்மையானது. வீட்டாரின் கையெழுத்தும் கேட்பார்கள். யார் அருகில் இருப்பது, அவசரத்தில் யார் முடிவு சொல்வது என்பதை வலி வருமுன்னரே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தாய் வீட்டுக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீடு போவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே உள்ள நர்ஸுக்கு இவளைத் தெரியாது. ஆகவே தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் முடிவுகள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் சீர்வரிசையோடு கூடவே போகட்டும். போன வாரத்திலேயே அவ்வூர்க் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம், இரவில் வண்டி வருமா என்பதையும் விசாரியுங்கள். மலைக் கிராமத்தாரும், மழையில் பாதை துண்டிக்கப்படும் ஊரார்களும் தேதிக்குச் சில நாள் முன்பே மருத்துவமனைக்கு அருகில் வந்து தங்குவது நல்லது.

பிறந்த அந்த நிமிடம்

மருத்துவமனையில் பிரசவ நேரம் முழுவதும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் போட்டுப் போர்த்துவார்கள். அழவில்லையென்றால், அந்த முதல் நிமிடத்துக்குள்ளேயே பையால் காற்று கொடுக்கத் தொடங்குவார்கள்.

1952-ல் அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார் என்ற அம்மையார், பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை வகுத்தார். இதயத் துடிப்பு, மூச்சு, தசை வலு, தூண்டினால் எதிர்வினை, நிறம் என ஐந்துக்கும் 2 வீதம் மொத்தம் 10. பிறந்த 1-ஆம் நிமிடமும் 5-ஆம் நிமிடமும் இதைப் போடுவார்கள். 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுதியிருந்தால் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் குழந்தை மருத்துவர் கேட்பார்.

வண்டியிலோ வழியிலோ எதிர்பாராமல் பிறந்துவிட்டால்:

செய்ய வேண்டியவை: சுத்தமான, உலர்ந்த துணியால் தலை முதல் கால் வரை துடையுங்கள். ஈரத் துணியை எடுத்துவிட்டு, வேறு துணியில் தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். அழாவிட்டால் முதுகை மேலும் கீழுமாகத் தேயுங்கள். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வையுங்கள். 108-ஐ அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை: காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். முதுகில் அடிக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் தெளிக்க வேண்டாம். காதில், மூக்கில் ஊத வேண்டாம். வாயில் சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ, சேனையோ வைக்க வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். குளிர்ந்துபோன குழந்தைக்கு மூச்சுவிடும் பலம் குறையும். முதல் 24 மணி நேரத்துக்குக் குளியல் தேவையில்லை.

சந்தேகமும் விளக்கமும்

"எங்க ஆத்தா ஏழு பிள்ளையும் வீட்டுலயே பெத்தாங்க. எனக்கு மட்டும் எதுக்கு ஆஸ்பத்திரி?"

அந்த ஆத்தாவிடமே போய், "பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலே போதும்.

"இப்பதான் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம். அப்புறம் என்ன பயம்?"

உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால் எந்த மருத்துவமனைக்கு, எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தோம் என்பதே முக்கியம். விடிந்து போகலாம் என்று இரவெல்லாம் வீட்டில் இருந்துவிட்டு, தலை தெரியும் நேரத்தில் போனால், மருத்துவமனை இருந்தும் பயன் குறைவு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று ஒழுங்காக வரத் தொடங்கினால் புறப்படுங்கள். இரண்டாம் பிரசவம் விரைவில் நடக்கும், இன்னும் முன்னதாகவே புறப்பட வேண்டும்.

"ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்குன்னாங்க. அப்ப மூச்சுத் திணறல் வராதுல்ல?"

ஸ்கேன் அன்றைய நிலையைச் சொல்லும். பிரசவ நேரத்தில் நடக்கப் போவதைச் சொல்லாது. எந்த ஆபத்துக் காரணமும் இல்லாத தாய்க்கும் அழாத குழந்தை பிறப்பதுண்டு. ஆகவேதான் ஒவ்வொரு பிரசவத்திலும் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்கிறோம்.

"கொடி சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாதாமே?"

கழுத்தில் கொடி சுற்றிப் பிறப்பது சாதாரணம். நாலைந்து குழந்தைகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. பெரும்பாலும் குழந்தைக்கே கெடுதல் இல்லை, மாமனுக்கு எப்படி வரும்? கொடி இறுகியிருந்தால் நர்ஸ் அதைத் தளர்த்தி எடுத்துவிடுவார்.

"எங்க குழந்தைக்கு மூச்சு லேட்டா வந்துச்சு. சரியா வளருமா?"

உடனே உதவி கிடைத்து, சில நிமிடத்தில் அழுத குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கின்றன. வலிப்பு வந்த குழந்தைகளையும், பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளையும், மருத்துவர் சொன்ன தேதிகளில் தவறாமல் காட்டுங்கள். 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ, 4 மாதத்தில் தலை நிற்காவிட்டாலோ, "போகப் போகச் சரியாயிரும்" என்று இருக்க வேண்டாம். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

வீட்டுக்கு வந்த பின் கவனிக்க

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபடி எண்ணும்போதும் அப்படியே இருந்தாலும், மார்புக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே இழுத்தாலும், முனகினாலும், மூக்கு விடைத்தாலும், நாக்கு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உடல் குளிர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், ஊதிச் சளி எடுப்பதும், தொண்டையில் விரல் விடுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

அடுத்த குழந்தைக்கு அவசரம் வேண்டாம்

பிரசவத்தில் இழந்த இரத்தமும் சத்தும் தாயின் உடலில் மீண்டும் சேரக் காலம் வேண்டும். முதல் குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் 3 ஆண்டு இடைவெளி இருந்தால், அடுத்த குழந்தை நல்ல எடையோடு, மாதம் நிறைந்து பிறக்க வழியுண்டு. பிரசவம் முடிந்த உடனேயே காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். கருத்தடை ஊசியும், பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையும், ஆணுறையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டு, தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு ஏற்பாடு

(எட்டாம் மாதத்துக்குள் கணவன் தன் கையால் நிரப்பி, தாய் சேய் நல அட்டைக்குள் மடித்து வைக்கவும்)

பிரசவத் தேதி: ..................
39 வாரம் நிறையும் நாள்: ..................
எங்களுக்குள்ள ஆபத்துக் காரணம்: ..................
பிரசவம் பார்க்கும் மருத்துவமனை: ..................
அங்கு போய்ச் சேர ஆகும் நேரம்: ..................
108 வரத் தாமதமானால் வேறு வண்டி: ..................
கூட வரும் பெண் துணை: ..................
இரத்தம் கொடுக்கச் சம்மதித்த இருவர்: ..................
அவசரத்தில் முடிவு சொல்பவர்: ..................
கிராம சுகாதார செவிலியரின் எண்: ..................

ஒரு கோடிட்ட இடமும் வெறுமையாக இருக்க வேண்டாம். விடை தெரியாத இடத்துக்கு, அடுத்த முறை செவிலியர் ஊருக்கு வரும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் குழந்தை அழுதுகொண்டே பிறக்கட்டும்.